தாஸ் அண்ணன் கிரீஸ் வைத்த பெட்டி

புதன்கிழமை மாலை, ராயபுரத்தில் எங்கள் கட்டடத்தின் முதல் மாடியில் மூன்று பேர் கூடி நெடுநேரம் ஆலோசித்து, வீடியோ கேம் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பது என்று தீர்மானித்தோம். முன்மொழிந்தவர் ரெஜினா அக்கா. வழிமொழிந்தவன் மேல் வீட்டுக்காரனான நான். பெட்டியின் உரிமையாளரும் அக்காவின் கணவருமான மரியதாஸ் அண்ணன், "எப்டியாவது வெச்சித் தொலைங்க, படிச்சா சரி" என்று தம் சம்மதத்தைத் தெரிவித்தார். மாற்றுக் கருத்து எழவில்லை. கவிழ்த்தோம். உள்ளே டிஸ்க் சுழன்றது, உறுமியது, நின்றது. டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை என்ற பழைய வாசகமே திரையில் வந்தது.

மறுநாள் காலை அக்கா என் கதவைத் தட்டினார். "தம்பி, அவரு எழுந்துக்கல" என்றார். மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, மூளையில் மறுபடியும் அடைப்பு, தூக்கத்திலேயே உயிர் போய்விட்டது என்றார். கட்டிலுக்கு எதிரே பெட்டி கவிழ்ந்தபடியே இருந்தது.

அண்ணனைத் துறைமுகத்தில் அறிந்தவர்களுக்கு இந்தப் பெட்டியைப் பற்றித் தெரியாது. கட்டடத்தில் அறிந்தவர்களுக்கு இதைத் தவிர வேறெதுவும் தெரியாது. இரு தரப்புக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

துறைமுகத்துக்குள் ஒரு தனியார் நிறுவனத்தில் அவர் கிரேன் இயக்கினார். நான் சரக்குத் தரகு அலுவலகமொன்றில் எழுத்தன். ஒருமுறை அவர் கிரேனுக்குக் கீழே நிற்க நேர்ந்தது. லாரி ஓட்டுநர் தன் இருக்கையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பின்னால் கன்டெய்னர் இறங்கி உட்கார்ந்தது. டீயை முடித்துவிட்டு ஓட்டுநர் தலையை நீட்டி, "இன்னாபா, எப்பத்தான் ஏத்துவீங்க?" என்று கத்தினார். ஏற்றி முடித்திருந்தார்கள். அண்ணன் தம் வாழ்நாளில் பெற்ற ஒரே பாராட்டு அதுதான் என்று நினைக்கிறேன். அதைப் பல வருடங்கள் சொல்லிக்கொண்டிருந்தார்.

சென்ற ஆண்டு பக்கவாதம் வந்து வலது காலையும் வலது கையையும் எடுத்துக்கொண்டது. கிரேன் ஏணியில் இனி ஏற முடியாது. நிறுவனம் பெருந்தன்மையாக நடந்துகொண்டது. கிரேன்களில் கேமரா பொருத்தி, கீழே குளிர்சாதன அறையில் உட்கார்ந்து, திரையைப் பார்த்து இரண்டு குச்சிகளால் இயக்கும் ஏற்பாடு வந்துகொண்டிருந்தது. அதற்கு ஒரு தேர்வு. கை தேறினால் அந்த அறையில் ஒரு நாற்காலி, தேறாவிட்டால் வீட்டில் ஒரு நாற்காலி. தேர்வு நாள் அந்தப் புதனுக்கு அடுத்து வந்த சனிக்கிழமை என்று சொல்லியிருந்தார்கள்.

விரல்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். "நான் இன்னா நாயா, பந்த வெச்சிகினு குந்த?" என்று கேட்டு, அதை இடது கையால் ஜன்னல் வழியாக அனுப்பிவைத்தார் அண்ணன். அப்போதுதான் துபாய்க்குப் போன மகன் விட்டுச்சென்ற கேம் பெட்டியை அக்கா பரணிலிருந்து இறக்கினார். அதன் கைப்பிடியில் இரண்டு சிறு குச்சிகள் இருந்தன. டிஸ்க் ஒன்றே ஒன்றுதான், கார்ப் பந்தயம்.

அண்ணன் அந்தக் காரைக் கன்டெய்னர்போல் ஓட்டினார். எதிலும் இடிக்காமல், எவரையும் முந்தாமல், எல்லாப் பந்தயத்திலும் கடைசியாக வந்தார். நான் சிரித்தேன். "கடைசில வந்தா இன்னா தம்பி? சரக்கு ஒடையலல்ல?" என்றார். சில வாரங்களில் வலது கட்டைவிரல் தானாக நகர்ந்தது. அக்கா பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தார். "அழுவாத, டர்னிங் வருது" என்றார் அண்ணன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

டர்னிங்குக்குப் பிறகுதான் பெட்டி படிப்பதை நிறுத்தியது. முதலில் பத்து முறைக்கு ஒருமுறை மறுத்தது. பிறகு பத்து முறைக்கு ஒருமுறை இசைந்தது. "நானே எட்டாவது ஃபெயிலு. எனக்கு மேல மக்கா கீதே இது" என்றார். அக்கா டிஸ்க்கைப் பற்பசையால் துலக்கினார், அரிசி டப்பாவில் புதைத்தார், ஞாயிறு பூசைக்குக் கைப்பையில் எடுத்துப் போனார். நான் இணையத்தில் தேடி, வாழைப்பழத் தோலால் துடைக்கலாம் என்ற ஆராய்ச்சி முடிவோடு வந்தேன். துடைத்தோம்.

கடைசியில் டோல்கேட் பகுதியில் ஒரு பழுது பார்க்கும் கடைக்குப் போனோம். ஆட்டோவில் அண்ணன் பெட்டியை மடியில் வைத்து இடது கையால் அணைத்துக்கொண்டார். கடைக்காரர் பெட்டியைத் திறந்தார், உள்ளே பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"யாருபா இதுக்கு கிரீஸ் வெச்சது? இது இன்னா மீன்பாடி வண்டியா?"

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான்தான். நவுர்ற பொருள் எதுவா இருந்தாலும் கிரீஸ் வெக்கணும் நைனா. எங்க கிரேனுக்கு வெக்கற கிரீஸு, பர்ஸ்ட் கிளாஸு."

லென்ஸ் முன்னும் பின்னும் ஓடும் கம்பியில் விரல் கனத்துக்கு அந்தக் கிரீஸ் அப்பியிருந்தது. அதன்மேல் வடக்கே எண்ணூர் அனல்மின் நிலையப் பக்கமிருந்து காற்றில் வரும் சாம்பல், நம் எல்லோர் வீட்டு அலமாரியிலும் படிகிற அதே சாம்பல், ஒட்டிக் களிம்பாகியிருந்தது. லென்ஸ் நகர முடியாமல் திணறியிருக்கிறது. "உள்ள ஒரே கலீஜு. லென்ஸ் போச்சு. வேற வரணும், வந்தா சொல்றேன்" என்றார் கடைக்காரர். துடைத்து மூடிக் கொடுத்தார். வேறு பெட்டி வாங்கிவிடலாம் என்றேன். "இந்தக் குச்சிக்குத்தான் இந்தக் கை பழகிக்கீது. நாள் இல்ல தம்பி" என்றார் அண்ணன். திரும்பும் வழியில் வண்ணாரப்பேட்டை தாண்டியதும், "நானே அத கொன்னுட்டேனா?" என்று ஒருமுறை கேட்டார். ஆட்டோ சத்தத்தில் கேட்காததுபோல் இருந்துவிட்டேன்.

அதன்பின் பெட்டி படிக்கவேயில்லை. ஒருநாள் கீழே போனபோது, படிக்க முடியவில்லை என்ற வாசகத்துக்கு எதிரே உட்கார்ந்து குச்சிகளை அசைத்துக்கொண்டிருந்தார். திரையில் எதுவும் நகரவில்லை.

"இன்னா அண்ணே, யாரோட பந்தயம்?"

"அது படிக்கலனா இன்னா, கை படிக்கட்டும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சனிக்கிழம விரலு நின்னுட்டா, கீழ லாரில ஒருத்தன் குந்திகினு இருப்பான் தம்பி."

அடுக்களையிலிருந்து அக்கா, "கிரீஸ் வெக்கும்போது இந்த புத்தி எங்க போச்சு?" என்றார். அண்ணன் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

வெள்ளிக்கிழமை காசிமேட்டுக் கல்லறையில் அடக்கம் செய்தோம். சவப்பெட்டியில் வைப்பதற்காக அவர் கைகளைச் சேர்த்துக் கட்டியபோது வலது கட்டைவிரல் மட்டும் உள்ளே மடிந்திருந்தது. அக்கா அதை நேராக்கப் பார்த்து, பிறகு அப்படியே விட்டுவிட்டார்.

கேம் பெட்டியை அக்கா என்னிடம் கொடுத்துவிட்டார். அது என் மேசைமேல், நிமிர்த்தி வைக்கப்பட்டு இருக்கிறது. டிஸ்க் உள்ளே சிக்கிக்கொண்டது, வரவில்லை. பக்கத்தில் அவருடைய சின்ன கிரீஸ் டப்பா. சரக்கு உடையவில்லையா என்று முதலில் பார்க்கும் அவருடைய பழக்கத்தையும் வைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். எழுத்தன் வேலையில் அதற்கு அதிக இடமில்லை.

சனிக்கிழமை நடக்கவிருந்த தேர்வு நடக்கவில்லை. கிரேன்களில் பொருத்திய கேமராக்களின் லென்சுகளில் சாம்பல் படிந்து, கீழே அறையிலிருந்த திரையில் படம் வரவில்லை. வேறு தேதி இன்னும் சொல்லப்படவில்லை.