பிழையாகச் சொல்லிக் கேட்டவர்

வந்தாறுமூலையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது ஆரையம்பதியிலிருந்து அழைப்பு வந்தது. "நம்மட புவனேஸ்வரி அக்கா மோசம் போயிட்டா" என்று சாவுச் செய்தி சொன்னார் எங்கள் வாசிகசாலைக் காவலாளி. வந்த பஸ்ஸை விட்டுவிட்டேன். அடுத்ததையும் விட்டேன்.

பதினாறு வருடம் அவரும் நானும் அந்த வாசிகசாலையில் எதிரெதிர் மேசைகளில் இருந்தோம். அவர் குரல் உங்களுக்குத் தெரியும். 'சத்தம் போடாதீர்கள்' என்ற பலகையின் கீழே இருந்துகொண்டு சந்தி வரைக்கும் கேட்கப் பேசுவார். கடைசி வருடங்களில் அவர் மனம் முழுக்க வாவிக்கரைக் கதைகளில் கிடந்தது. சொல்பவர்களைத் தேடிப்போய்க் கைபேசியில் பதிவார். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு அதை எழுத்தாக்கி, படமும் வரைவித்து, சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் காட்டுவார். அந்தச் செயலிக்கு அவர் வைத்த பெயர் வாயாடி.

கணபதியர் என்ற வயதான மீன்பிடிகாரரிடம் ஒரு கதை இருந்தது. வேறு யாருக்கும் அது தெரியாது. கடைசி மகளுக்கு வீடு கட்ட மரம் போதாமல், தன் தோணியை உடைத்துக் கதவு செய்த ஒரு தகப்பனின் கதை. கலியாணம் வரைக்கும் சொல்வார். நோயில் விழுந்து எழும்பிய பிறகு அதற்கு மேல் வரவில்லை. "தலைக்குள்ள ஒண்டுமில்ல புள்ள" என்று மூன்று முறை கையை விரித்தார்.

வேறு வழியில்லாமல் அக்கா மிச்சத்தை வாயாடியிடம் கேட்டார். அது எழுதிய முடிவு அழகாகத்தான் இருந்தது. அச்சுக்குக் கொடுப்போம் என்றவன் நான். "அவருக்கு வாசிச்சுக் காட்டாம ஒரு எழுத்தும் போகாது" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மணமகள் அழுதபடி வண்டியேறி மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்படும் இடம் வந்ததும் கணபதியர் கதிரையை விட்டு எழுந்துவிட்டார்.

"இத ஆரு சொன்ன? பொட்டப்புள்ள ஏன் வீட்ட விட்டுப் போறா? மாப்பிள்ளதான் வரணும். அதுக்குத்தானே தேப்பன் தோணிய உடைச்சவன்."

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் அங்கே போய் இருப்பான். எந்தெந்த ஊர்க் கதைகளையோ படித்த வாயாடிக்கு அது தெரியவில்லை. இருபது வருடமாக மனைவி வீட்டில் இருக்கும் எனக்கும் அது கண்ணில் படவில்லை.

அந்தக் கோபத்தில் கணபதியருக்கு மிச்சக் கதை வந்துவிட்டது. வாசலுக்கு வந்த மாப்பிள்ளை கதவைத் தடவிப் பார்க்கிறான். தோணிப் பலகை என்று கண்டுகொள்கிறான். அப்படியே திரும்பிப் போய், மாமனுக்கு ஒரு தோணி செய்து கொண்டுவந்த பிறகுதான் படியேறுகிறான். பதிவை நிறுத்த மறந்து அக்கா அழுதுகொண்டிருந்தார். மூன்று மாதத்தில் கணபதியரும் போய்விட்டார்.

அன்றிலிருந்து அதுவே அக்காவின் வழி. "கதை சொல்லுங்க எண்டா ஞாபகமில்ல எண்டுவாங்க. பிழையாச் சொல்லிப் பாருங்க, விடமாட்டாங்க" என்பார். வாயாடியின் கதையை ஒன்றும் தெரியாதவர் போல வாசிப்பார். ஏச்சு விழும். சித்தாண்டியில் ஒரு பெண், "படிச்ச நீங்க இப்பிடியாக்கா கதை சொல்லுற?" என்று பிடித்துக்கொண்டார். அக்கா சந்தோசமாக எழுதிக்கொண்டார். திருத்தியவரின் பெயர் ஒவ்வொரு கதையின் கீழும் இருக்கும். திருத்த ஆளில்லாத இடத்தை வெறுமையாகவே விட்டுவிடுவார்.

அக்காவின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னார்கள். மூன்று நாள் இருந்தும் ஒரு வரி வரவில்லை. கடைசியில் வாயாடியிடம் கேட்டேன். 'மென்மையாகப் பேசும் அமைதியான பெண்மணி' என்று தொடங்கியது. நான் கதிரையை விட்டு எழுந்துவிட்டேன். "இத ஆரு சொன்ன?" என்று நான் போட்ட சத்தத்தில் வாசிகசாலையில் வாசித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதன்பிறகு எழுதியதுதான் இது.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, பிழையைக் கேட்டால் விடாத அந்தக் கோபத்தை. அவரை அறிந்தவர்களே, இதில் பிழை இருந்தால் வந்து ஏசுங்கள். உங்கள் பெயரைக் கீழே எழுதிக்கொள்கிறேன்.