கூப்பிடாமல் வந்த இழுவை வண்டி

போன மாதம் ஒரு பட்டப்பகலில், கூடுவாஞ்சேரியிலிருந்து போரூருக்குப் போகும் வழியில் எங்கள் கார் தாம்பரம் பைபாஸில் நின்றுவிட்டது. ஓட்டிய கணவர் சாவியைத் திருகிக்கொண்டிருந்தபோதே பின்னால் ஓர் இழுவை வண்டி வந்து நின்றது. நாங்கள் யாரையும் கூப்பிடவே இல்லை. எனக்குச் சுருக்கென்றது.

“இந்த ரோட்ட நடத்துற கம்பெனி வண்டி சார். கேமராவுல பாத்து அனுப்சாங்க. காசு வாணாம்” என்றார் இறங்கி வந்தவர்.

சுங்கச்சாவடியில் ஒருவரையும் சும்மா விடாத கம்பெனி, சும்மா வண்டி அனுப்புமா? “கதவைத் திறக்காதீங்க!” என்று கணவரை அதட்டினேன். கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கி வண்டிக்காரருடைய அடையாள அட்டையை வாங்கினேன். அதையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அவர் பொறுமையிழந்தார். “அக்கா, மொதல்ல ரெண்டு பேரும் எறங்கி தடுப்புக் கம்பிக்கு அந்தாண்ட நில்லுங்க. அப்பால சந்தேகப்படுங்க!”

முணுமுணுத்துக்கொண்டே இறங்கினோம். கம்பியைத் தாண்டிய சில நொடிகளில், கணவர் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவை ஒரு லாரி சீவிக்கொண்டு போனது.

அதன் பிறகும் ஒருமுறை வழியில் கார் நின்றது, அதேபோல் ஒரு வண்டியும் வந்தது. அடையாள அட்டையை அன்றும் கேட்டேன். ஆனால் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கேட்டேன்.

— ஒரு வாசகி, பொழிச்சலூர்