அக்காவின் கை நடுங்கவில்லை

அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்த மாசி மாதத்தில், திதிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். குடும்பத்தின் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாவற்றையும் நாள் நட்சத்திரத்தோடு குறித்து வைப்பவன் என்று நம்பித்தான் சென்ற ஆண்டு கருமாதிப் பத்திரிகையை என்னை எழுதச் சொன்னீர்கள். அதில் ஒரு பிழை இருக்கிறது. அது அச்சகத்தின் பிழை அன்று, என்னுடையது. அதைத் திருத்தவே இதை எழுதுகிறேன்.

தென்னேரியில், ஏரி நிரம்பி வழிந்த ஓர் ஐப்பசியில் அக்கா பிறந்தார். அப்பா இறந்தபோது அக்காவுக்குப் பதின்மூன்று வயது, எனக்கு ஆறு. அம்மா எங்களைச் சின்ன காஞ்சிபுரத்துக்கு அழைத்து வந்தார். அக்கா பள்ளியை விட்டுப் பட்டு நூல் சுற்றப் போனார். அதனால் நான் படித்தேன். மணமாகி எட்டாம் ஆண்டில் அக்காவின் கணவர் போய்ச் சேர்ந்தார். மகள் செல்வியை அக்கா அதே நூல் வேலையில்தான் வளர்த்தார்.

நூல் சுற்றப் போன வீட்டில் ஒருவர் ஜலதரங்கம் வாசித்ததைக் கேட்டு, அக்கா பீங்கான் கிண்ணங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தார். தண்ணீரைக் கூட்டியும் குறைத்தும் சுரம் சேர்த்து, இரண்டு மூங்கில் குச்சிகளால் தட்டித் தாமே பழகினார். நவராத்திரியில் ஒன்பது நாளும் ஒன்பது வீட்டுக் கொலுவுக்கு அழைப்பு வரும். நான் கீபோர்டு வாசிக்கும் மெல்லிசைக் குழுவுடன் திருமண வரவேற்புகளுக்கும் வருவார்.

அந்தக் கிண்ணங்களின் ஒலியைக் கீபோர்டில் ஏற்றும் ஆசை எனக்கு வந்தது. எங்கள் தெருவில் தறிச்சத்தம் ஓயாது. தறி ஓடாத நாள் அமாவாசை ஒன்றுதான். ஆகவே பங்குனி, சித்திரை அமாவாசைகளில் பதிவு செய்தோம். மின்விசிறி கூடாது, ஜன்னலையும் சாத்திவிட்டோம். பன்னிரண்டு சுரங்கள், ஒவ்வொன்றும் மூன்று அழுத்தத்தில்.

"மெல்லிசா தட்டுறது மருமவ, ஓங்கித் தட்டுறது மாமியாரு. நடுவுல நானு, சரியாபா?" என்று சொல்லி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு தட்டினார். காகம் கரைந்து ஒரு பதிவு கெட்டபோது, "அவனும் சேர்ந்து பாடிக்கினு போறான், உடேன்" என்றார்.

சித்திரை அமாவாசை பிற்பகலில் சுத்த மத்திமச் சுரத்துக்கு வந்தோம். தட்டிப் பார்த்துவிட்டு அக்கா நிறுத்தினார்.

"இருடா. வெயில்ல தண்ணி வத்தி சுரம் ஏறிக்கினு இருக்குது. ஒரு சொட்டு உடறேன்."

எனக்கு மாலை ஒத்திகை இருந்தது. "பரவால்லக்கா, கம்ப்யூட்டர்ல சரி பண்ணிக்கிறேன்" என்றேன். சரி செய்யவே இல்லை.

ஒலி கீபோர்டில் ஏறியதும் எங்கள் குழுத் தலைவர் கேட்டார்: "அதான் உள்ளயே இருக்குதே சார். கிண்ணத்தைத் தூக்கினு, தண்ணி ஊத்தினு, அக்கா எதுக்கு?" நான் மறுக்கவில்லை. அக்கா ஏன் வருவதில்லை என்று கேட்டவர்களிடம், "கை நடுங்குது" என்று சொன்னேன். ஒருவரிடம் சொன்னது ஊர் முழுக்கப் போயிற்று.

வைகாசியில் எங்கள் உறவினர் வீட்டுத் திருமண வரவேற்பு. அக்கா முன்வரிசையில் செல்வியுடன் உட்கார்ந்திருந்தார். அந்த ஒலியில் நான் வாசித்தேன். பக்கத்திலிருந்த அம்மாள் பேசியதைச் செல்வி பிறகு எனக்குச் சொன்னாள்.

"இன்னாக்கா, உன் கிண்ணம் மாதிரியே இருக்குது!"

"மாதிரி இல்லமா. என்னுதுதான்."

"பாவம், உனக்குக் கை நடுங்குதாமே? தம்பி சொல்லுச்சு."

அக்கா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாராம். "தம்பி சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்."

மேடையிலிருந்து நான் கண்டது அந்த முந்தானையை மட்டும்தான். குளிர்கிறது போல என்று நினைத்தேன். வைகாசி மாதத்தில்!

சாப்பிட்டுவிட்டு மேடையருகே வந்தார். "மத்திமம் ஏறியே நிக்குதுடா தம்பி. கம்ப்யூட்டர்ல சரி பண்றேன்னியே? அடுத்த அமாவாசைக்கு வா. ஒரு சொட்டு உட்டுத் திரும்ப எடுத்துக்கலாம்."

வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

அதன் பிறகு நான் அந்த ஒலியை வாசிக்கவில்லை. அக்கா வீட்டுக்கும் போகவில்லை. புரட்டாசியில் ஒரு வீட்டிலிருந்தும் அவருக்குக் கொலு அழைப்பு வரவில்லை. கை நடுங்குபவரை யார் அழைப்பார்கள்? அது தெரிந்தும் ஒருவரிடமும் உண்மையைச் சொல்லாமல் இருந்தேன். ஆனி முதல் தை வரை ஒவ்வோர் அமாவாசைக் காலையிலும் அந்த மத்திமக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாராம். "மாமா வரும்" என்று என்னைத்தான் சொல்வாராம் செல்வியிடம்.

மாசி பிறந்ததும் அக்கா மருத்துவமனையில் சேர்ந்தார். அங்குதான் போய்ப் பார்த்தேன். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிய டம்ளரைக் கொடுத்தேன். தாமே பிடித்துக் குடித்தார். ஒரு சொட்டும் சிந்தவில்லை. அப்போது கதவைத் திறந்துகொண்டு நம் உறவினர் சிலர் உள்ளே வந்தார்கள். டம்ளரை என்னிடம் தந்துவிட்டுக் கைகளைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். நான் டம்ளரைக் கழுவப் போனேன். நான்காம் நாள் இறந்தார்.

அப்படியிருந்தும் பத்திரிகையில், "கை நடுக்கத்தால் இசையைத் துறந்தவர்" என்று நான்தான் எழுதினேன்.

அக்காவைக் கடைசிவரை உடனிருந்து பார்த்துக்கொண்ட செல்விக்கும், முறை வைத்துச் சோறு கொண்டுவந்த தெருவினருக்கும், இதை அச்சிடச் சம்மதித்ததற்காக மீண்டும் செல்விக்கும் நன்றி. உங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. வீட்டுக்குப் போனதும் அந்தப் பழைய பத்திரிகையை எடுத்து, அந்த வரியைப் பேனாவால் அடித்துவிடுங்கள். அடிக்கும்போது பக்கத்தில் இருப்பவர்களிடம் சத்தமாகச் சொல்லுங்கள்: கை நடுங்கவில்லை, தம்பி பொய் சொன்னான்.