மறியலுக்கு ஒரு லீவு லெட்டர்

தாலுகா ஆபீசுக்கு எதிரே டைப்பிங் கடை போட்டு உட்கார்ந்திருக்கும் சக பாவிகளே, மனு அடிக்க ஒருவர் வந்தால் கால் மணி நேர வேலை. அப்பாவும் மகளுமாக வந்தால் அன்றைய பொழுது போயிற்று. கோத்தகிரியில் பன்னிரண்டு வருஷமாக நான் படும் பாடு இது.

ஒரே மனு, இரண்டு பேர்

முத்தையா அண்ணன் சின்ன வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு கப்பலேற்றி அனுப்பப்பட்டவர். இங்கேயும் ஓர் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்கள் ஒரு மாதத்தில், தோட்டம் கொடுத்த வரிசை வீடான லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் வந்துவிட்டது. போக வேறு வீடு கிடையாது.

'கருணை கூர்ந்து' என்று அடிக்கச் சொன்னார் அவர். துணிக்கடையில் வேலை பார்க்கும் மகள் செல்வி, 'எங்கள் உரிமை' என்று அடிக்கச் சொன்னாள். அடிப்பதும் அழிப்பதுமாக என் விரல் தேய்ந்தது. "ஏனுங்கண்ணா, இன்னும் யாருக்குப் பயப்படறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"ஒருக்கா கப்பல்ல ஏத்துனாங்கம்மா. மறுபடி ஏத்த மாட்டாங்கன்னு நீங்க எழுதித் தருவீங்களா?"

லீவு

மனுவுக்குப் பதில் வரவில்லை. செல்வியும் லயத்துப் பிள்ளைகளும் மறியலுக்கு நாள் குறித்தார்கள். முந்தின நாள் காலை, தோட்டத்தில் வேலை பார்க்கும் எட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வந்தார். காலையில் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு, தோட்டத்து ஆட்கள் யாரும் சொல்லாமல் கொள்ளாமல் வராமல் இருந்ததே இல்லையாம். அதனால் லீவு லெட்டர். காரணம்: 'தங்களை எதிர்த்து மறியல் செய்ய இருப்பதால்.' கடைசியில் தன் பேரையும் சேர்க்கச் சொன்னார். ரிட்டையர் ஆகி மூன்று வருஷம் ஆன மனுஷன்!

செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். மானேஜரோ எல்லோருக்கும் லீவு கொடுத்துவிட்டார், அண்ணனுக்கும் சேர்த்து. சாயங்காலம் ஜெராக்ஸ் எடுக்க வந்த தோட்டத்து கிளார்க்தான் சொன்னார்:

"என்ற சர்வீஸ்ல காரணத்தை உள்ளது உள்ளபடி எழுதுன மொத லீவு லெட்டர் இதுதானுங்க."

செருப்பு

மறியல் என் கடைக்கு எதிரே, தாலுகா ஆபீஸ் வாசலிலேயே நடந்தது. பிள்ளைகள் கோஷம் போட, பெரியவர்கள் பெரட்டுக்கு நிற்பதுபோல வரிசையாக நின்றார்கள். பன்னிரண்டு மணிக்கு, பேச இரண்டு பேர் உள்ளே வரலாம் என்று ஆபீசிலிருந்து அழைப்பு வந்தது. செல்வி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். கப்பல் காலத்துக் காகிதங்கள் அவரிடம்தான் இருந்தன. படியேறியவர், வாசலில் செருப்பைக் கழற்றினார். அவள் குனிந்து அதை எடுத்து அவர் காலடியில் வைத்தாள்.

"போட்டுக்கிட்டு வாங்கப்பா. நாம கோயிலுக்கு வரல."

ஆணி

அடுத்த வாரம் உத்தரவு வந்தது: விசாரணை முடியும்வரை யாரும் காலி செய்ய வேண்டாம், பட்டா கேட்டு விண்ணப்பிக்கலாம். அண்ணன் அதை லேமினேட் செய்யக் கொண்டுவந்தார். லயத்து வீடு தோட்டத்துடையது என்பதால், அந்தச் சுவரில் அவர் இதுவரை எதையும் அடித்து மாட்டியதில்லையாம். சாமி படம்கூடப் பெட்டி மேல்தான் சாய்த்து வைத்திருக்கிறார். இந்த உத்தரவை மட்டும் சுவரில் மாட்டப் போகிறாராம். "பட்டா வரட்டும்ப்பா, அவசரப்படாதீங்க" என்றாள் செல்வி. முதல் தடவையாக மகள் பொறுமை பேச, அப்பா கேட்கவில்லை. என்னிடம் திரும்பினார்.

"நல்ல ஆணி எந்தக் கடையிலம்மா கெடைக்கும்?"

அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் உட்கார்ந்து கீபோர்டைத் தேய்த்தவளுக்குக் கடைசியில் கிடைத்த பதவி உயர்வு, ஹார்டுவேர் கடைக்கு வழி சொல்வதுதான்.