மூன்று கப் பிளம்ஸ்

ராகலையிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வருகிறவர்கள் கிறிஸ்மஸ் அன்றே வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அதுவரை யாரும் கேக் சுட்டதில்லை. அக்கா சுடுவதாக வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். துரை பங்களாவில் சமையல் செய்யும் மாமா செய்முறை சொன்னார். எல்லாம் கப் கணக்கு. "மூணு கப் பிளம்ஸ்" என்றார். பிளம்ஸ் என்று நாங்கள் சொல்வது காய்ந்த திராட்சையை. கடையிலோ அதை ராத்தலில்தான் நிறுத்துத் தருவார்கள்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிப்பை முடித்தவன் நான். தோட்டப் பள்ளியில் வாத்தியாராகச் சேர்ந்த புதிது. கப்பை ராத்தலாக்கும் பொறுப்பை, யாரும் கேட்காமலே, ஏற்றுக்கொண்டேன்.

ஒரு கப் தண்ணீர் அரை ராத்தல் இருக்கும். திராட்சை அப்படியில்லை, இடையிடையே காற்று நிற்கும். அதனால் அரை ராத்தல் வாங்கிவந்து கப்பில் கொட்டிப் பார்த்தேன். ஒன்றரைக் கப் வந்தது. ஆக, மூன்று கப்புக்கு ஒரு ராத்தல். எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

மலையில் கொழுந்தெடுத்துவிட்டு வந்த அக்கா கப்பை எட்டிப் பார்த்தாள். "என்னடா இது, பாதி காத்தா இருக்கு" என்று கையை உள்ளே விட்டு அமுக்கினாள். மீதியையும் கொட்டி மறுபடி அமுக்கினாள். அரை ராத்தலும் ஒரே கப்பில் அடங்கிவிட்டது.

"அமுக்கக் கூடாதுக்கா."

"மாமா அப்படிச் சொன்னாரா?"

"அமுக்கச் சொல்லியும் சொல்லலையே."

"அமுக்காம கூடை நெறையுமாடா? நீயெல்லாம் கொழுந்தெடுக்கப் போயிருந்தா அரைப் பேருதான் விழும், அரைநாள் சம்பளந்தான்."

கூடையை அமுக்கினால் கொழுந்து கசங்கும் என்று கங்காணி சத்தம் போடுவார். அவர் தலை திரும்பியதும் மலையிலுள்ள அத்தனை கைகளும் கூடைக்குள் போகும். மாமாவிடம் கேட்கலாமென்றால், துரைக்கு விருந்தாளிகள் வந்ததிலிருந்து அவர் பங்களாவை விட்டு வெளியே வரவேயில்லை.

"வரப்போறது அக்காவோட மாமியாரு. அக்கா சொல்றபடியே வாங்கு" என்றார் அம்மா.

இன்னும் ஒரு ராத்தல் வாங்கிவந்தேன். கேக் கெட்டுப்போனால் என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் அழகாக யோசித்துக்கொண்டே வந்தேன்.

மணல் பரப்பிய சட்டிக்குள் மாவு நிரப்பிய தகர டின்னை வைத்து, மூடியின்மேல் தணல் போட்டு அக்கா கேக்கைச் சுட்டாள். வாசனை லயம் முழுக்கப் போனது. கிறிஸ்மஸ் அன்று வந்தவர்கள் முன்னால் கத்தியை வைத்ததும் கேக் பொலபொலவென்று உதிர்ந்தது. தட்டு நிறையப் பிளம்ஸ், ஊடே கொஞ்சம் மாவு. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் தொண்டையைச் செருமினேன்.

அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா ஒரு பிடி அள்ளி வாயில் போட்டார். அவரும் கொழுந்தெடுப்பவர். "ஏம்மா, பிளம்ஸ அமுக்கி அமுக்கி அளந்தியோ?"

"ஆமாங்க" என்றாள் அக்கா.

"கூடையையும் இப்படித்தானா?"

"கங்காணி அந்தப் பக்கம் திரும்பினா."

அந்த அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மகனைப் பார்த்து, "கைய பாத்தியாடா? இது நம்ம வீட்டுக்கு வேணும்" என்றார். கோயிலில் எந்த ஞாயிறு கல்யாண ஓலை வாசிப்பது என்பதுவரை அங்கேயே பேசி முடித்தார்கள்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "வாத்தியார் தம்பி ஏதோ சொல்ல வந்தீங்களே?"

அக்கா நிமிர்ந்து என்னையே பார்த்தாள்.

"ஒண்ணுமில்லைங்க அத்தை. இன்னும் கொஞ்சம் அமுக்கியிருக்கலாம்" என்றேன்.