எஸ்தர் அக்காவைக் கூப்பிட்டது யார்?

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் பக்கத்தில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். இந்தப் பத்தியைத் தவறாமல் படிக்கிற வாசகி ஒருவர் பிடித்துக்கொண்டார்.

"கிரீஸ் போயிட்டு வந்தீங்களாமே மேடம்... நீலக் கடல், வெள்ளை வீடுன்னு ஒரு போட்டோகூட போடலையே?"

நான் போன ஊரில் கடலே கிடையாது என்றேன். நம்பாத மாதிரி பார்த்தார். சத்தியமாகக் கிடையாது. ஆனால் போட்டோ போடாததற்குக் காரணம் அது இல்லை.

என் மகள் ஷீபா யோவானினாவில் படிக்கிறாள். கிரீஸின் வடமேற்கில், மலைகளுக்கு நடுவே, ஏரிக்கரையில் இருக்கிற ஊர். பழைய கோட்டை, வெள்ளி நகைக் கடைகள், சாயங்காலமானால் ஏரியைச் சுற்றி வாக்கிங் போகிற ஜனங்கள். ரொம்பப் பிடித்துப்போனது எனக்கு.

அவளைப் பார்க்கப் போனபோது எஸ்தர் அக்காவையும் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனேன். என் கூடப்பிறந்தவள். ரிட்டயர்டு டீச்சர். அஸ்தினாபுரத்தில் தனியாக இருக்கிறாள். அத்தான் தவறி இரண்டு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சைத் தவிர எங்கேயும் கிளம்பியதில்லை. பேச்சும் குறைந்துவிட்டது. ஒரு மாற்றமாக இருக்குமே என்று நினைத்தேன்.

ஒருநாள் ஷீபா எங்களைக் காரில் மலைக்கிராமங்களுக்குக் கூட்டிப்போனாள். சுவர் கல், கூரை கல், தெரு கல், ஓடையைத் தாண்டுகிற பாலமும் கல். எல்லாம் பல தலைமுறைகளைப் பார்த்தவை. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. ஆனால் ஆட்கள்? பிழைப்புக்காக எப்போதோ வெளியூர் போய்விட்டார்கள். கோடையில் வந்து வீட்டைத் திறந்து காற்றாட விடுவார்களாம். நாங்கள் போனது நவம்பர்.

கடைசியாகப் போன கிராமத்தில் ஒரு புகைபோக்கியில்கூடப் புகை இல்லை. வாசலெல்லாம் பூட்டு. மத்தியான வேளைதான்... ஆனாலும் மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஷூ சத்தமே வேறு யாரோ கூட நடந்து வருகிற மாதிரி கேட்டது.

ஷீபா காரைத் திருப்பி நிறுத்தப் போனாள். நான் ஊர் நடுவிலிருந்த பெரிய மரத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் — அக்காவைக் காணோம்.

"அக்கா" என்று கூப்பிட்டேன்.

"இதோ வரேன்."

மேலே, சர்ச் பக்கத்திலிருந்து வந்தது. அக்காவின் குரல்தான். பிறந்ததிலிருந்து கேட்கிற குரல் எனக்குத் தெரியாதா? சரி, சர்ச்சைப் பார்க்கிறாள் என்று மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். பதிலும் இல்லை. மேலே ஏறிப் போனேன். சர்ச் கதவில் பூட்டு தொங்கியது. சுற்றிலும் மழையில் ஊறிய மண். அதில் என் ஷூ தடத்தைத் தவிர வேறு தடமே இல்லை.

ஷீபாவும் வந்து சேர்ந்தாள். இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்தினோம். அப்போது எதிர்ப்பக்கம், கீழேயிருந்து, ஆட்டு மணிச் சத்தம். பனிக்குள்ளிருந்து ஆடுகள் ஒவ்வொன்றாக வந்தன. பின்னாலேயே ஆடு மேய்க்கிற ஒரு பெண் — அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு.

அந்தப் பெண் ஷீபாவிடம் கிரேக்க மொழியில் கோபமாக என்னவோ சொன்னாள். ஷீபாவின் முகம் வெளிறிவிட்டது.

"பெரியம்மா பள்ளத்தாக்குப் பக்கம் போயிட்டாங்களாம்மா. இவங்க சத்தம் போட்டும் நிக்கலையாம். ஓடிப் போய்ப் பிடிச்சிருக்காங்க. இன்னும் கொஞ்சம் போயிருந்தா தரையே இல்லையாம்."

அக்கா பயந்த மாதிரியே தெரியவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கார் கிளம்பி வெகுநேரம் கழித்துக் கேட்டேன். "நான் கூப்பிட்டப்போ மேலே இருந்துதானேக்கா பதில் சொன்னே?"

"நீ கூப்பிட்டியா? எனக்குக் கேக்கவே இல்லையே."

"அப்புறம் ஏன் கீழே போனே?"

ஜன்னலைப் பார்த்தபடி சாதாரணமாகச் சொன்னாள். "எஸ்தர், இங்க வாயேன்னு கூப்பிட்டார். போனேன்."

என் அக்காவைப் பேர் சொல்லிக் கூப்பிட இன்றைக்கு யாரும் இல்லை. எனக்கு அக்கா. மற்றவர்களுக்கு டீச்சர், ஆன்ட்டி, பெரியம்மா. வெறும் எஸ்தர் என்று கூப்பிட்டவர் அத்தான் ஒருவர்தான்.

கல் சுவர், பள்ளத்தாக்கு, எல்லாம் எக்கோ என்றாள் ஷீபா. இருக்கலாம். ஆனால் எக்கோ நாம் சொன்னதைத்தானே திருப்பிச் சொல்லும்? நான் சொன்னது "அக்கா". வந்தது "இதோ வரேன்". மனப்பிரமை என்றும் சொல்லலாம்... இரண்டு பேருக்குமா? ஒரே நேரத்திலா?

ஊர் திரும்பியதிலிருந்து அக்கா ஆளே மாறிவிட்டாள். நன்றாகச் சாப்பிடுகிறாள். காலையில் வாக்கிங் போகிறாள். மாடம்பாக்கத்தில் இருக்கிற, கூட வேலை பார்த்த டீச்சரைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். "ட்ரிப் நல்லா வேலை செஞ்சிருக்கு" என்கிறார்கள் எல்லோரும். நானும் தலையாட்டுகிறேன். துக்கத்தில் இருப்பவர்களை வெளியே கூட்டிப்போங்கள், மனசு மாறும் என்று ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறோம். எந்தப் பக்கம் மாறும் என்று யோசிக்கிறோமா?

போன வாரம் டீ போட்டுக்கொண்டே சொன்னாள். "வர்ற நவம்பர்ல இன்னொரு தடவை அங்க போலாம்னு இருக்கேன். நீ வர வேணாம். நான் தனியாவே போய்க்கிறேன்."

முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவள் பாஸ்போர்ட் என் பீரோவில்தான் இருக்கிறது. பீரோ சாவியை மட்டும் இடம் மாற்றி வைத்திருக்கிறேன்.