நாய் காதுல பேசினது

டாக்டரம்மா இருந்தாங்க. ஊசி மருந்து எடுத்துக் கொடுக்கிற கம்பவுண்டர் இருந்தார். என் சம்சாரம் இருந்தா. நான் இருந்தேன். மேசை மேல எங்க நாய்.

கள்ளக்குறிச்சி மாட்டாஸ்பத்திரி, காலையில. முந்தின நாளே நோவு எடுத்தும் குட்டி வரலை. வடக்கனந்தல்ல இருந்து குட்டியானை லோடு வண்டியில, மரவள்ளி மூட்டையோட மூட்டையா ஏத்திக்கினு வந்தோம். வயித்தைக் கிழிச்சுத்தான் எடுக்கணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க.

"இன்னா சாப்டுச்சு?"

ஒண்ணும் இல்லைன்னேன். சம்சாரம் தரையைப் பார்த்தா.

"சீரகக் கஷாயம் ஊத்துனேங்க. பனவெல்லம் போட்டு. அப்பறம் நாலு இட்லி. பெத்துக்கப் போறவளை வெறும் வயித்தோட எப்படிங்க அனுப்பறது?"

வயிறு நிறைஞ்சிருந்தா முழு மயக்கம் கொடுக்கக் கூடாதாம். மயக்கத்துல கக்குனா மூச்சுக்குழல்ல அடைச்சுக்கும், நாய் போயிடும். காத்திருந்தா குட்டி போயிடும். அதனால இடுப்புக்குக் கீழ மரத்துப்போக முதுகுல ஒரு ஊசி, துள்ளாம அசந்து கெடக்க லேசா ஒண்ணு. முழிச்சுக்கினுதான் இருக்கும். கக்குனா வெளிய வரணும்னு வாயையும் கட்டலை.

"தலையை நீங்க புடிங்க. பயந்து துள்ளக் கூடாது. காதாண்ட விடாம பேசிக்கினே இருங்க" என்றாங்க.

"அவரு பேச்சைத்தாங்க அது கேக்கும்" என்றா சம்சாரம். "பேசுனாதானே."

கத்தி வெச்சாங்க. மரவள்ளிக்குத் தண்ணி பாய்ச்சணும்னு சொன்னேன். மோட்டார் காயில் போயிடுச்சுன்னு சொன்னேன். மழை இல்லைன்னேன். அதோட தீர்ந்துபோச்சு. நாய் முன்னங்காலை உதைச்சது.

"பேசுங்க" என்றாங்க டாக்டரம்மா.

"பேச்சுக்கு யாரும் காசு கேக்கலைண்ணே" என்றார் கம்பவுண்டர்.

முதல் குட்டி வெளிய வந்தது. ஒண்ணு வந்துடுச்சுன்னு காதுல சொன்னேன். காது என் பக்கம் திரும்புச்சு. அப்பறம் எனக்குப் பேச்சுக்குக் குறை இல்லை. இது வெள்ளை. இது கறுப்பு. இது செங்கல் சூளை நாய் ஜாடை, உனக்கு வேற ஆளே கெடைக்கலையா.

டாக்டரம்மாவுக்கு முகமூடிக்குள்ள சிரிப்பு. "கை ஆடுது, கொஞ்சம் கம்மி பண்ணுங்க."

சம்சாரம் ஒவ்வொண்ணையும் துண்டுல தேய்ச்சு, பழைய புடவை சுத்தின வெந்நீர் பாட்டிலாண்ட வெச்சா. "இருவது வருசமா இந்த வாயை எங்க வெச்சிருந்தீங்க?" என்றா.

கடைசிக் குட்டி துணி மாதிரி தொங்குச்சு. டாக்டரம்மா அதோட மூக்கைத் துடைச்சு சம்சாரம் கையில கொடுத்தாங்க. தேய்ச்சா. சத்தம் இல்லை. நான் வாயை மூடிட்டேன். நாய் தலையைத் தூக்கப் பார்த்துச்சு.

"பேச்சை நிறுத்தாதீங்க" என்றாங்க டாக்டரம்மா.

"தோ, தேய்ச்சுக்கினு இருக்கா" என்றேன். "அவ ஒண்ணைப் புடிச்சா விட மாட்டா. எனக்குத் தெரியும்."

அவ நிமிர்ந்து என்னைப் பார்த்தா. கை நிக்கலை. முதுகுல, நெஞ்சுல, மறுபடி முதுகுல. குட்டி வாயைத் திறந்து கீச்சுன்னுது.

தையல் போட்டு முடிச்சாங்க. நாய் கடைசி வரைக்கும் கக்கலை. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுக் குட்டிங்களை மடியாண்ட விட்டோம். முட்டி மோதிக்கினு எல்லாம் குடிச்சுதுங்க. நாய் என் மணிக்கட்டை நக்குச்சு. குனிஞ்சு, எண்ணி, காதுல சொன்னேன்.

ஏழு.